கன்றுக்குச் சொன்ன சொல்

1

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்கிறோம். தற்செயலுக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய உதாரணம் இது. வடமொழியில் காகதாலீயம் என்று இதற்கு ஒரு நியாயமே உண்டு. யோக வாசிஷ்டம் அதைத் திரும்பத் திரும்பக் கையாள்கிறது. உலகம் தோன்றியதே இப்படித்தான் என்கிற அளவுக்குப் போகிறது. ஆனால் வடமொழித் தொடரில் இல்லாத ஒரு சிக்கல் தமிழ் வாக்கியத்தில் இருக்கிறது. காகதாலீயம் என்னும்போது காகமும் பனையும் அருகருகே நிற்கின்றன, அவ்வளவுதான். ‘உட்கார’ என்னும் எச்சம் அப்படிச் சும்மா நிற்பதில்லை.

செயவென் எச்சத்துக்கு இலக்கண ஆசிரியர்கள் மூன்று பொருள் சொல்வார்கள். மழை பெய்ய நெல் விளைந்தது: இங்கு எச்சம் காரணம். நெல் விளைய மழை பெய்தது: இங்கு அது காரியம், இன்னும் சற்று நீட்டினால் நோக்கம். ஞாயிறு பட வந்தான்: இங்கு வெறும் உடனிகழ்ச்சி. கதிரவன் மறைந்ததற்கும் அவன் வந்ததற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரே வேளையில் நடந்தன. மூன்றுக்கும் உருவம் ஒன்றே. எது காரணம், எது நோக்கம், எது வெறும் உடனிகழ்ச்சி என்று தீர்மானிப்பதைக் கேட்பவனிடம் மொழி விட்டுவிடுகிறது.

கேட்பவன் பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்கி முதலாவதற்கு நகர்கிறான். அங்கும் நிற்பதில்லை. காக்கை உட்கார்ந்தபோது பழம் விழுந்தது. காக்கை உட்கார்ந்ததால் விழுந்தது. கீழே நான் நிற்பதால், எனக்கு ஏதோ சொல்வதற்காக விழுந்தது. இந்த மூன்று படிகளில் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு தர்க்கப் பிரச்சினையாகவே நம்மவர்கள் பார்த்துவந்திருக்கிறார்கள். பகுத்தறிவாளர் முதற்படியிலேயே நிற்கச் சொல்வார். ஜோதிடர் மூன்றாவதில் நாற்காலி போட்டிருப்பார். எனக்கு இது ஒழுக்கப் பிரச்சினையாகவும் படுகிறது. அதற்கான காரணங்களுள் ஒன்று என் சொந்த அனுபவம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வெகுஜனக் கலாசாரத்திலிருந்து ஒரு கதை. இந்த மூன்று படிகளையும் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்து ஏறியதை அங்கேதான் துலக்கமாகப் பார்க்க முடிகிறது.

2

1969 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டிரேக் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்று மாணவர்களிடையே பேச்சு உலவுவதாக அது சொன்னது. அக்டோபர் 12 அன்று டெட்ராய்ட் வானொலி நிலையம் ஒன்றுக்கு ஒரு நேயர் தொலைபேசியில் பேசி, குறிப்பிட்ட ஒரு பாட்டைப் பின்னோக்கிச் சுழலவிட்டுக் கேட்கும்படி அறிவிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். சுழலவிட்டார்கள். இறந்துபோன ஒருவனை யாரோ விளிப்பது போல் கேட்டது. இரண்டு நாள் கழித்து, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் ஃப்ரெட் லபோர் என்ற மாணவர் ‘அபி ரோட்’ இசைத்தட்டுக்கு மதிப்புரை எழுத வேண்டியிருந்தது. மதிப்புரைக்குப் பதிலாக அவர் ஒரு மரண அறிக்கை எழுதினார். 1966 நவம்பரில் கார் விபத்தில் பால் இறந்தார். அவரைப் போலத் தோற்றமுள்ள வில்லியம் காம்ப்பெல் என்பவரை அமர்த்தி உலகத்தை ஏமாற்றிவருகிறார்கள். ஆனால் மனசாட்சி உறுத்தவே இசைத்தட்டுகளில் தடயங்களை விட்டு வைத்திருக்கிறார்கள். தடயங்களில் பலவற்றை லபோர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கினார். காம்ப்பெல் என்ற பெயரும் அவர் வைத்ததே. அதை அவரே பிற்பாடு மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு தடயங்களை யாரும் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. அவை தாமே பெருகின. ‘அபி ரோட்’ அட்டைப்படத்தில் நால்வர் சாலையைக் கடக்கிறார்கள். வெள்ளை உடையில் முன்னே போகும் லென்னன் பாதிரியார். கறுப்பு உடையிலிருக்கும் ரிங்கோ சவ அடக்கம் செய்பவர். முரட்டுத் துணி அணிந்த ஜார்ஜ் குழி வெட்டுகிறவர். வெறுங்காலோடு, மற்றவர்களுடன் அடி ஒவ்வாமல் நடக்கும் பால் சவம். இடதுகைக்காரரான அவர் சிகரெட்டை வலது கையில் பிடித்திருக்கிறார். ஆகவே ஆள் வேறு. பின்னால் நிற்கும் ஃபோக்ஸ்வேகன் காரின் எண் எல்.எம்.டபிள்யூ. 281 எஃப். கடைசியில் உள்ள 1 என்ற இலக்கத்தை ஆங்கில ஐ எழுத்தாகப் படித்தார்கள். ‘இஃப்’ என்று வந்தது. உயிரோடிருந்தால் 28 என்று பொருள் கொண்டார்கள். 1942 ஜூனில் பிறந்தவருக்கு 1969 அக்டோபரில் 27 தான் நடக்கும் என்று ஒருவர் ஆட்சேபித்தால், கீழைநாட்டு வழக்கப்படி கருவுற்ற நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று பதில் வந்தது. நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கள் வெட்கிப்போக வேண்டும்.

வேறொரு பாட்டின் முடிவில் லென்னன் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறார். பாலைப் புதைத்துவிட்டேன் என்று சொல்வதாகக் கேட்டார்கள். சொன்னது ‘கிரான்பெரி சாஸ்’ என்று லென்னன் பின்னால் விளக்கினார். வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். விளக்கத்தை யாரும் ஏற்கவில்லை. உண்மையை மறைப்பவர் வேறு என்ன சொல்வார்?

1969 நவம்பர் 7 தேதியிட்ட ‘லைஃப்’ பத்திரிகை, பால் இன்னும் நம்மிடையேதான் இருக்கிறார் என்று அட்டையில் அறிவித்தது. ஸ்காட்லாந்தில் அவருடைய பண்ணைக்குச் சென்று குடும்பத்தோடு படம் எடுத்து வந்திருந்தார்கள். ரசிகர்கள் அந்த அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள். அதன் மறுபக்கத்தில் ஒரு கார் விளம்பரம். பாலின் உருவத்தின் மேல் கார் ஏறி நின்றது. மறுப்பே சாட்சியாகிவிட்டது.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் அந்தப் பேட்டிக்குள் ஒரு செய்தி இருந்தது. பீட்டில்ஸ் என்கிற விஷயம் முடிந்துவிட்டது என்று பால் அதில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே தான் விலகுவதாக லென்னன் மற்றவர்களிடம் கூறிவிட்டிருந்தார். உலகத்துக்கு அது தெரியவந்தது 1970 ஏப்ரலில். ஐந்து மாதங்களாகச் செய்தி பத்திரிகைக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னோக்கிச் சுழலவிட வேண்டியதில்லை. வெளிச்சத்தில் பிடிக்க வேண்டியதில்லை. அச்சில், நேராக, படிக்கத் தெரிந்த எவருக்கும் கிடைத்தது. ரகசிய மரணத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பகிரங்க மரணத்தைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பினார்கள்.

தற்செயலில் அர்த்தம் தேடுகிறவன் அதிகமாகக் கேட்கிறான் என்றே நாம் நினைக்கிறோம். அவனுடைய குற்றம் மிகை என்று கருதுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் குறைவாகக் கேட்கிறான். தன்னை நோக்கிச் சொல்லப்படாத, ஆனால் தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்று அவன் காதில் விழுவதில்லை.

3

அந்த அட்டைப்படம் எடுக்கப்பட்ட விதம் பற்றிப் பதிவுகள் உண்டு. புகைப்படக்காரர் இயன் மேக்மில்லன் ஒரு ஏணி மேல் நின்றுகொண்டார். ஒரு போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்தி வைத்தார். ஆறு படங்கள் எடுத்தார்கள். அவற்றில் சிலவற்றில் பால் செருப்பு அணிந்திருக்கிறார். வெயிலாக இருந்ததால் கழற்றிவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். ஆறில் எல்லோருடைய கால்களும் பார்வையாக விரிந்திருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் செருப்பு இல்லை. செருப்போடிருந்த படம் அட்டையில் வந்திருந்தால் சவம் எழுந்து நடந்திருக்கும்.

அது எடுக்கப்பட்ட நாள் 1969 ஆகஸ்ட் 8, முற்பகல்.

அதே ஆகஸ்ட் 8 இரவு லாஸ் ஏஞ்சலிஸில் சார்ல்ஸ் மேன்சனின் சீடர்கள் ஒரு வீட்டுக்குப் புறப்பட்டார்கள். நள்ளிரவு தாண்டி ஐந்து பேரைக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் நிறைமாத கர்ப்பிணியான நடிகை ஷேரன் டேட். அடுத்த இரவு வேறொரு வீட்டில் இருவர். அந்த வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல், பீட்டில்ஸ் 1968இல் வெளியிட்ட வெள்ளை அட்டை இசைத்தட்டிலிருந்து ஒரு பாட்டின் பெயரை, ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ என்பதை, இரத்தத்தால் எழுதி வைத்தார்கள். அதையும் எழுத்துப்பிழையோடு எழுதினார்கள். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் வரப்போகும் பெரும் யுத்தத்தை அந்த இசைத்தட்டு தனக்கு அறிவிக்கிறது என்று மேன்சன் நம்பியதாக வழக்கில் அரசுத் தரப்பு வாதித்தது. சீடர்களாக இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். ஹெல்டர் ஸ்கெல்டர் என்பது ஆங்கிலேயக் கேளிக்கைச் சந்தைகளில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் சுழல் கோபுரம். பாட்டை எழுதியவர் மனதில் இருந்தது அதுதான். கலிஃபோர்னியப் பாலைவனத்தில் கேட்டவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. அவருக்கு வேண்டிய அர்த்தம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது.

இரண்டு சம்பவங்களும் ஒரே தேதியில் நடந்தவை என்பது சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரியவந்தது. இரண்டைப் பற்றியும் தனித்தனியே அறிந்திருந்தவன், தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. சில நாட்கள் அதே நினைவாகத் திரிந்தேன். லண்டனில் காலையில் நால்வர் சாலையைக் கடக்கிறார்கள். அதே தேதி இரவில் கடலுக்கு அப்பால் அவர்களுடைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கொலைக்குப் புறப்படுகிறார்கள். ஒரு யுகம் அந்தச் சாலையைக் கடந்து மறைந்தது என்று எழுதலாம். எழுத உட்காரவும் செய்தேன். வாக்கியம் அழகாகவே வந்தது.

பிறகு அடித்துவிட்டேன். எப்படி வாசித்தாலும் அந்த வாக்கியத்துக்கு ஐந்து பிணங்கள் தேவைப்பட்டன. அவர்களுடைய மரணம் எனக்கு ஒரு யுகத்தின் குறியீடாக ஆகிவிட்டால், அவர்களைக் கொன்றவர்கள் ஏற்கெனவே செய்த காரியத்தைத்தான் நான் காகிதத்தில் செய்கிறேன். கத்தி எடுப்பதற்கும் வாக்கியம் எழுதுவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவனுடைய சாவு வேறு எதையோ எனக்குச் சொல்வதற்காக நிகழ்ந்தது என்று கருதும் கணத்தில் புறப்படும் திசை ஒன்றாக இருக்கிறது.

4

இந்த மயிர்க்கூச்சலுக்குக் கணிதத்தில் பதில் இருக்கிறது. 23 பேர் ஓர் அறையில் இருந்தால் அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று அதிகம். கேட்டவுடன் நம்ப முடியாமல் இருப்பதற்குக் காரணம், நாம் உடனே நம்முடைய பிறந்தநாளை வைத்து யோசிப்பதுதான். 23 பேரில் 253 ஜோடிகள் இருக்கின்றன என்பது நினைவுக்கு வருவதில்லை. பெர்ஸி டயகோனிஸ், ஃப்ரெடரிக் மாஸ்டெல்லர் என்னும் இரு புள்ளியியலாளர்கள் 1989இல் தற்செயல்கள் பற்றி எழுதிய ஆய்வில் இதை ஒரு விதியாகவே சொன்னார்கள்: எண்ணிக்கை போதுமான அளவு பெரிதானால் எந்த விபரீதமும் நடக்கும். பீட்டில்ஸ் பதிவு செய்த மொத்த ஒலியும், அவர்களைப் பற்றி வந்த மொத்தப் படங்களும், அவற்றை வைத்துக்கொண்டு கண்விழித்திருந்த அத்தனை மாணவர்களும் சேர்ந்த கூட்டத்தில் ஒரு சாவைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருந்தால்தான் அதிசயம். 1969 ஆகஸ்டில் உலகத்தில் எத்தனையோ நடந்தது. அவற்றில் இரண்டை நான் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

கணக்கு சரி. அதோடு விஷயம் முடிந்ததென்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழம் விழுந்ததைக் கணக்கு விளக்குகிறது. நான் ஏன் நிமிர்ந்து பார்த்தேன் என்பதை அது விளக்குவதில்லை. காம்யு 1942இல் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அபத்தம் மனிதனிடமும் இல்லை, உலகத்திடமும் இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கும் மனிதனும் பதில் சொல்லாத உலகமும் எதிர்ப்படும் இடத்தில் இருக்கிறது. உலகம் வாய் திறந்துவிட்டது போலத் தோன்றும் கணமே தற்செயல். அத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு ஒரு முனகல் கேட்டால் யார்தான் திரும்பாமலிருப்பார்கள்? திரும்புவது பிழையல்ல. ஜெர்மானிய மனநல மருத்துவர் கிளாஸ் கொன்ராட் 1958இல் எழுதிய நூலில், சம்பந்தமில்லாதவற்றில் எல்லாம் தன்னைக் குறித்த அர்த்தம் தெரிய ஆரம்பிப்பதை மனச்சிதைவின் தொடக்கக் கட்டமாகக் குறித்தார். நோயாளிக்கும் நமக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. நாம் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போய்விடுகிறோம். அவனால் போக முடிவதில்லை.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். டீக்கடை ரேடியோவில், நாம் நினைத்துக்கொண்டிருந்த பாட்டு அந்தக் கணத்தில் ஒலித்து நாம் திடுக்கிட்டதுண்டு. நிலையத்தில் தட்டைச் சுழலவிட்டவருக்கு நம்மைத் தெரியாது. ஆகவே அது தற்செயல். அதனாலேயே அதற்கு ஒரு சுத்தம் இருந்தது. இப்போது கைத்தொலைபேசி நம் மனதிலிருக்கும் பாட்டை எடுத்து வைக்கும்போது அது தற்செயலல்ல. நேற்று எதைக் கேட்டோம், எதைப் பாதியில் நிறுத்தினோம் என்பது கணக்கில் ஏறியிருக்கிறது. காக்கை எந்தக் கிளையில் உட்காரும் என்று பார்த்து வைத்துக்கொண்டு அங்கே பழத்தைக் கட்டுகிறார்கள். காக்கைக்கோ இன்னும் பழைய புல்லரிப்புதான். இரண்டாம் மூன்றாம் படிகளில் நின்று, இது என்னால், இது எனக்காக என்று நம்புகிறவன் இந்த இடத்தில் ஓரளவு சரி. ஆனால் அவன் நினைக்கிற அர்த்தத்தில் அல்ல.

5

வெகுஜனங்களைப் பற்றி இவ்வளவும் சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். தற்செயலைக் கலைக் கோட்பாடாக உயர்த்தியவர்கள் நம்மைப் போன்ற சிறு வட்டத்து எழுத்தாளர்களே. ஆந்த்ரே ப்ரெதோனும் அவர் நண்பர் ழாக் வாஷேயும் நாந்த் நகரத்தில், என்ன படம் என்று பார்க்காமல் ஏதாவது ஒரு சினிமாக் கொட்டகைக்குள் பாதியில் நுழைவார்கள். அலுப்புத் தட்டியதும் எழுந்து அடுத்த கொட்டகைக்குப் போவார்கள். அப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்த படம் அவர்களுக்கு எல்லாவற்றையும்விட உயர்ந்ததாக இருந்தது. சர்ரியலிஸத்தின் விதையை அந்தக் கொட்டகைகளில் காணலாம். 1928இல் வெளிவந்த ‘நாஜா’வில் பாரிஸ் தெருக்களே அப்படியொரு படமாகிவிட்டன. தெருவில் சந்தித்த ஒரு பெண்ணுக்குச் சுவரொட்டியும் ஜன்னல் வெளிச்சமும் நீரூற்றும் எல்லாமே பேசின. ப்ரெதோன் பரவசத்தோடு குறித்துக்கொண்டார்.

அந்தப் பெண் கற்பனையல்ல. லியோனா தெல்கூர் என்பது அவர் பெயர். 1927 மார்ச்சில் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். வெளியே வராமலேயே 1941இல் இறந்தார். ப்ரெதோன் அவரைப் பார்க்கப் போகவில்லை. மனநோய் விடுதிகளைக் கண்டித்துப் புத்தகத்தில் உக்கிரமாக எழுதினார், போகவில்லை.

இதை வைத்து ‘நாஜா’வைத் தள்ளிவிடச் சொல்பவன் அல்ல நான். அதன் சில பக்கங்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆனால் இங்கேயும் அதே கேள்வி எழுகிறது. தற்செயலின் அர்த்தத்தை ஒருவர் அனுபவிக்கிறார். அதன் விலையை வேறொருவர் கொடுக்கிறார். ஒருவருக்குப் புத்தகம்; ஒருவருக்கு விடுதி.

6

என் விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன், ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில், ஒரு சிறுபத்திரிகையில் என் கவிதை ஒன்று வந்தது. அதில் ‘கதவைத் தட்டிவிட்டு நின்றேன்’ என்று ஒரு வரி. சாதாரண வரி. ஒருவன் கதவைத் தட்டுகிறான், நிற்கிறான். அச்சில் ‘கனவைத் தட்டிவிட்டு நின்றேன்’ என்று வந்துவிட்டது. அச்சடித்து முடிந்த பக்கத்தின் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடும்போது தகரத்தின் அறையில் ஒரு னகரம் விழுந்திருக்கும். கோப்பவரின் கை பழக்கத்தில் அதை எடுத்திருக்கும். ப்ரூஃப் பார்த்தவரும் நான்தான். கவனிக்கவில்லை.

இதழ் வந்ததும் எரிச்சலாக இருந்தது. அடுத்த இதழில் பிழைதிருத்தம் போடச் சொல்லிக் கார்டு எழுதி வைத்திருந்தேன். அதைத் தபாலில் சேர்ப்பதற்குள், நான் மிகவும் மதித்த விமர்சகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஒரு வரியைப் பற்றி மூன்று பக்கம். கனவு ஒரு கதவாக மாறி, உள்ளே யாரோ இருப்பதாக நம்பி, தட்டிவிட்டுத் தன் கனவுக்கே வெளியே நிற்பவனின் நிலை என்று விளக்கியிருந்தார். கதவு என்ற சொல்லையே சொல்லாமல் கதவைக் காட்டிவிட்டதாகப் பாராட்டினார். பிறகு ஒரு கட்டுரையிலும் இதைச் சேர்த்தார்.

கார்டைக் கிழித்துப் போட்டேன். தொகுப்பு வந்தபோது ‘கனவை’ என்றே விட்டேன். அவர் போய்ப் பல வருடங்களாகின்றன. அவரிடம் சொல்லவில்லை.

இதில் என் தவறு எது என்று பல விதமாக யோசித்திருக்கிறேன். வரியை மாற்றாமல் விட்டது தவறல்ல. ‘கனவை’ தான் நல்ல வரி. தட்டெழுத்தில் நான் அனுப்பிய வரியில் அவ்வளவு இல்லை. பெட்டியிலிருந்து விழுந்த எழுத்தை எடுத்துக்கொள்ளக் கவிஞனுக்கு உரிமை உண்டு. காற்றில் வந்ததை எடுத்துக்கொள்ளாத கவிஞன் யார்? விமர்சகரும் தவறு செய்யவில்லை. அந்த மூன்று பக்கங்கள் அவருடைய சிருஷ்டி; அவருக்கிருந்த ஏதோ ஒரு காத்திருத்தல் அந்த வரியில் ஒதுங்க இடம் கண்டது. அந்த அர்த்தம் பொய்யல்ல. அதை நான் எண்ணி எழுதினேன் என்று அவர் நம்பியதும், அந்த நம்பிக்கையை நான் அனுபவித்துக்கொண்டிருந்ததும்தான் பொய். பழம் விழுந்ததைக் கண்டு அவர் வியந்தார். காக்கையாகிய நான், உலுக்கியது நானே என்ற முகத்தோடு கிளையில் உட்கார்ந்திருந்தேன்.

உவமையில் ‘போல’ என்று ஓர் உருபு இருக்கிறது. சம்பந்தமில்லாத இரண்டைப் பக்கத்தில் வைக்கும்போது, வைப்பவன் நான், உலகமல்ல என்று அந்த உருபு ஒப்புக்கொள்கிறது. உருவகத்தில் உருபு மறைகிறது. ஆனால் மறைந்திருக்கிறது என்பது சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் தெரியும். சகுனத்தில்தான் அது ஒரேயடியாகக் காணாமல் போகிறது. லபோர் எழுதியது முதலில் உருவகம், ஒரு மாணவனின் விளையாட்டு. நம்பியவர்கள் கைக்குப் போனதும் அதில் உருபு இல்லை. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் இந்த வதந்தியை வைத்து விசாரணை நாடகம் ஒன்று நடத்தியபோது, இதெல்லாம் தன் புனைவு என்று லபோர் முன்கூட்டியே உள்ளதைச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேர நிகழ்ச்சியை நிரப்ப வேண்டியிருக்கிறது, ஒத்துழையுங்கள் என்று நிகழ்ச்சியை நடத்திய வழக்கறிஞர் பதில் சொன்னதாகவும் அவர் கூறுகிறார். உருபை அவர் கொண்டுபோய்க் கொடுத்தார், வாங்கிக்கொள்ள ஆளில்லை. நான் கொடுக்கவே இல்லை. அந்த இளைஞர் என்னைவிட யோக்கியர்.

7

அர்த்தம் தேடாமல் இரு என்று யாருக்கும் உபதேசிக்க எனக்குத் தகுதியில்லை. தேடாமல் இருக்க முடியும் என்றும் தோன்றவில்லை. நம்முடைய பழைய கவிதை ஒன்றே அப்படித்தான் தொடங்குகிறது.

முல்லைப்பாட்டில், மழைக்கால மாலையில், போருக்குப் போன அரசன் திரும்புவானா என்று அறிய முதிய பெண்டிர் ஊருக்கு வெளியே போகிறார்கள். நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைதொழுது நிற்கிறார்கள். விரிச்சி கேட்பது என்று அதற்குப் பெயர். காதில் விழும் முதல் சொல்லை, யார் யாருக்குச் சொன்னதாயிருந்தாலும், தங்களுக்கான விடையாக எடுத்துக்கொள்வது. அருகே ஓர் ஆயர்மகள் குளிரில் நடுங்கி, கைகளைத் தோள்மேல் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சிறு கயிற்றால் கட்டப்பட்ட பச்சிளங்கன்று தாய்ப்பசுவைத் தேடித் தவிக்கிறது. உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்னும் பொருளில் அதைத் தேற்றுகிறாள். நல்ல சொல் கேட்டோம் என்று பெண்டிர் திரும்பி வந்து அரசியிடம் சொல்கிறார்கள்.

இந்தக் கவிதையைப் படித்த நாளிலிருந்து வெகுகாலம் நான் அந்தப் பெண்டிரோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். சொல் பலித்ததா என்பதிலேயே கவனம். பாட்டின் முடிவில் அரசனின் தேர் வருகிறது, ஆகவே பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நப்பூதனார் செய்திருக்கும் இரண்டு காரியங்களை மெதுவாகத்தான் கவனித்தேன். விரிச்சியைக் கேட்டு அரசி ஆறுதல் அடையவில்லை. அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். தற்செயலில் வந்த நல்ல சொல், பிரிவின் முன்னால் செல்லாக்காசு. இது ஒன்று.

இன்னொன்று, அந்தக் கன்று. பெண்டிருக்கு வேண்டியது சொல் மட்டுமே. கவிஞர் சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கன்றைக் கட்டியிருக்கும் கயிறு சிறியது என்பது வரை சொல்கிறார். பேசுகிறவளுடைய தோளின் நடுக்கத்தைச் சொல்கிறார். விரிச்சிக்கு இவை எதுவும் தேவையில்லை. தமக்கு அர்த்தம் கிடைத்த மகிழ்ச்சியில் பெண்டிர் விட்டுவிட்டுப் போன அனைத்தையும் கவிஞர் அங்கேயே நின்று பார்த்திருக்கிறார்.

அந்தச் சொல் கன்றுக்குச் சொன்ன சொல். அதை நமக்காக எடுத்துக்கொள்ளலாம். மனிதர்கள் எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். எடுத்துக்கொண்ட பிறகும் அது கன்றுக்குச் சொன்னது என்று நினைவில் வைத்திருக்க முடியுமா என்பதே கேள்வி. ப்ரெதோனால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அந்த விமர்சகருடைய மூன்று பக்கக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இவ்வளவு காலமும் அதை என் கவிதைக்குக் கிடைத்த சான்றிதழாகவே படித்து வந்தேன். சென்ற வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். கனவுக்கு வெளியே நிற்பவனைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதிய மனிதர், அந்த நாட்களில் எதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தார் என்று அப்போது நான் கேட்கவே இல்லை.